வகுப்பறைக்குள் நுழைந்த போர்

உக்ரைன் மீது ரஷியா 2022 பிப்ரவரி 24 அன்று படையெடுத்தது முதல், அந்தப் போரை நாம் பெரும்பாலும் வரைபடங்களின் வழியாகவே பின்தொடர்ந்து வருகிறோம். எந்த நகரம் வீழ்ந்தது, எந்த நாடு ஏவுகணை வழங்கியது என்பவையே தலைப்புச் செய்திகளாகின்றன. போரைத் தொடுத்த நாட்டில், காலையில் பணிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் சாமானியரின் வாழ்க்கை எவ்வாறு மாறியிருக்கிறது என்பதை அச்செய்திகளிலிருந்து அறிய முடிவதில்லை. அதை அறிய விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது 'மிஸ்டர் நோபடி அகெய்ன்ஸ்ட் புதின்' என்கிற ஆவணப்படம். 2025 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்ற படம் இது.

யூரல் மலைப்பகுதியில், செல்யாபின்ஸ்க் மாகாணத்தில் இருக்கிறது கராபாஷ். சுமார் 10,000 பேர் வசிக்கும் சிறு நகரம். தாமிர உருக்காலையை நம்பி வாழும் அவ்வூர், அதே ஆலையின் புகையால் மலைகள் மொட்டையாகிப்போன ஊராகவும் அறியப்படுகிறது. அங்குள்ள பள்ளியில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகவும் ஒளிப்பதிவாளராகவும் பணியாற்றியவர் பாவெல் தலான்கின். ஆண்டு விழா, பட்டமளிப்பு, மாணவர்களின் ஆடல் பாடல் ஆகியவற்றைப் படமெடுப்பதே அவர் வேலை. அவரது தாயார் அதே பள்ளியின் நூலகர்.

போர் தொடங்கியதும் அவருடைய பணியின் தன்மை மாறியது. தேசபக்திப் பாடங்களை நடத்துமாறு பள்ளிகளுக்கு உத்தரவு வந்தது. 2022 செப்டம்பர் முதல் ரஷியப் பள்ளிகளில் திங்கள்கிழமைதோறும் முதல் பாடவேளை 'முக்கியமானவை குறித்த உரையாடல்கள்' என்கிற வகுப்புக்கு ஒதுக்கப்பட்டது. பாடம் நடந்ததற்கு ஆதாரமாகக் காணொளியும் அனுப்ப வேண்டும். அந்தக் காணொளிகளை எடுக்கும் பொறுப்பு தலான்கினிடம் வந்து சேர்ந்தது. பணியிலிருந்து விலக முடிவெடுத்தவர், டென்மார்க்கில் வசிக்கும் அமெரிக்க இயக்குநர் டேவிட் போரென்ஸ்டீனுடன் தொடர்பு ஏற்பட்ட பின் அம்முடிவைக் கைவிட்டார். அரசின் உத்தரவுப்படி எடுக்கும் அதே காட்சிகளை உலகுக்கான சாட்சியமாகவும் சேர்த்துவைக்கத் தொடங்கினார். 2024-இல் அப்பதிவுகளுடன் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ரஷிய ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்கிற சட்டம் 2022 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய சூழலில் வெளிநாட்டுப் படக்குழு எதுவும் ஒரு ரஷியப் பள்ளிக்குள் இரண்டாண்டுகள் உலவியிருக்க முடியாது. கண்காணிப்புக்காக அரசே அனுமதித்த கேமராவால்தான் இது சாத்தியமாயிற்று. ரஷிய இயக்குநர் விட்டாலி மான்ஸ்கி வடகொரியாவில் எடுத்த 'அண்டர் தி சன்' (2015) படம் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு குடும்பத்தின் 'இயல்பு வாழ்க்கையை' அதிகாரிகள் ஒத்திகை பார்த்து அரங்கேற்றியதை, கேமராவை நிறுத்தாமல் விட்டு அவர் பதிவுசெய்தார். அன்று வடகொரியாவில் கண்ட ஒத்திகை இப்போது ரஷிய வகுப்பறையிலும் நடக்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

இப்படத்தில் கொடூரர்கள் என்று சுட்டத்தக்கவர்கள் குறைவு. எழுதிக்கொடுத்த வாசகங்களைப் படிக்கும்போது கடினமான சொற்களில் தடுமாறும் ஆசிரியை, அணிவகுப்பில் கால் மாற்றி வைக்கும் சிறுவர்கள், கையெறி குண்டு எறியும் போட்டி, கண்ணிவெடிகளைக் காட்டி விளக்க வரும் வாக்னர் கூலிப்படையினர் எனக் காட்சிகள் நகர்கின்றன. மனமொப்பிச் செய்பவர் சிலர். ஊதியத்துக்காகவும் அச்சத்தாலும் செய்பவர் பலர். பள்ளியின் ஒலிபெருக்கியில் அமெரிக்க தேசிய கீதத்தை ஒலிக்கவிடுவது தலான்கினால் செய்ய முடிந்த எதிர்ப்புகளில் ஒன்று.

என்னை மிகவும் பாதித்தது, போரில் மாண்ட உள்ளூர் இளைஞரின் இறுதிச் சடங்கு. அங்கே படமெடுப்பது ஆபத்து என்பதால் ஒலி மட்டுமே பதிவாகியிருக்கிறது. கருந்திரையில் ஒரு தாயின் ஒப்பாரியை மட்டும் கேட்கிறோம்.

இப்படத்தின் மீது இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும். உக்ரைனில் குழந்தைகள் குண்டுவீச்சில் மடியும்போது, படையெடுத்த நாட்டின் பள்ளிக்காக நாம் ஏன் இரங்க வேண்டும் என்பது முதலாவது. இது நியாயமான கேள்வி. ஆனால், இப்படம் இரக்கத்தைவிட எச்சரிக்கையையே அதிகம் கோருகிறது என்பது என் எண்ணம். 2022-இல் 7 வயதில் முதல் வகுப்பில் அமர்ந்த குழந்தை, 2033-இல் 18 வயதில் கட்டாய ராணுவ சேவைக்குரிய வயதை எட்டும். நாளை போர்நிறுத்தம் கையெழுத்தானாலும், திங்கள்கிழமைப் பாடங்கள் விதைத்தவை அந்தத் தலைமுறையின் மனத்தில் இருக்கும். உக்ரைனின் பாதுகாப்பு குறித்துப் பேசுவோர் இதையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி கடினமானது. பள்ளித் தேவைக்கென நம்பிக் கேமரா முன் நின்ற ஆசிரியர்களும் குழந்தைகளும், தாங்கள் உலகத் திரையில் தோன்றப்போவதை அறியாதவர்கள். தலான்கின் வெளியேறிவிட்டார், அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். நோக்கத்தின் உயர்வு இந்தச் சங்கடத்தை நீக்கிவிடாது. இருப்பினும், அக்காட்சிகளை முதலில் கேட்டது அரசு என்பதையும், குழந்தைகளின் சம்மதத்தை அதுவும் கேட்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஒரே காட்சி அரசின் கோப்பில் கீழ்ப்படிதலுக்கான சான்றாகவும், திரையில் அந்த அரசுக்கு எதிரான சான்றாகவும் நிற்கிறது. முதலாவது மட்டுமே எஞ்சியிருந்தால், கராபாஷ் பள்ளியில் யாருமே தயங்கவில்லை என்றுதான் வரலாறு பதிவுசெய்திருக்கும். சொற்களில் தடுமாறிய அந்த ஆசிரியையின் தயக்கத்தைக் காப்பாற்றித் தந்தது இரண்டாவதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே, அதன் குறைகளோடு இப்படத்தை நான் ஏற்கிறேன்.