கிணறு பழசு... கேள்வியும் பழசுதான்!

'நெடுவாசல்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 2017 பிப்ரவரிதானே! ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஓகே சொன்ன மறுநாளே போராட்டம் ஆரம்பிச்சது. புதுக்கோட்டைக்காரங்க வீட்டுல அந்தப் பந்தலுக்குப் போன ஒரு அண்ணனோ அக்காவோ கண்டிப்பா இருப்பாங்க.

இப்போ கிணறு சமாசாரத்தில் புதுசா ஒரு வார்த்தை... 'ஜியோதெர்மல்'. தமிழில் புவிவெப்ப ஆற்றல். 2025 செப்டம்பரில் மத்திய அரசு இதுக்குன்னே ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. நாடு முழுக்க 381 வெந்நீர் ஊற்று இடங்கள், 10,600 மெகாவாட் வரை வாய்ப்புனு ஒரு மதிப்பீடும் இருக்கு. அதில் நாம காதைத் தீட்டிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு: கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளையும் இதுக்குப் பயன்படுத்தலாமாம்! வடகாடு, கோட்டைக்காடு, நல்லாண்டார்கொல்லைக்காரங்க இப்பவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க.

சுத்தமான எனர்ஜிதானே பாஸ்?

ஆமாம், பெரும்பாலும். எதையும் எரிக்க வேண்டாம். வெயில், காத்து மாதிரி நேரம் பார்க்காது, ராத்திரியும் வேலை செய்யும். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரமே பூமியின் வெந்நீரில்தான் வீடுகளைச் சூடாக்குது. நிலக்கரிப் புகை அங்கே பழைய கதை.

சரி, சிக்கல் எங்கே? சூட்டில் இல்லீங்க, அந்தச் சூட்டைச் சுமந்துட்டு வர்ற தண்ணியிலும், நாம போடுற ஓட்டையிலும்!

லடாக்கில் 4,400 மீட்டர் உயரத்தில் புகா பள்ளத்தாக்கு. அங்கே 1 மெகாவாட் மின்சாரத்துக்காக 2021-ல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது. 2022 ஆகஸ்ட்டில் துளை போடும்போது வெந்நீர்க் கலவை பீறிட்டு, புகா ஓடையில் கலந்துடுச்சு. அந்த ஓடை போய்ச் சேர்றது சிந்து நதியில்! போராக்ஸும் கந்தகமும் நிறைஞ்ச மண் அது. ஆழத்துத் தண்ணி சும்மா வராது, உப்பையும் தாதுவையும் கரைச்சு எடுத்துக்கிட்டுத்தான் வரும்.

அந்தத் தண்ணியைத் திரும்ப உள்ளே அனுப்பலைன்னா? நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் மின்சாரம் எடுக்கிறாங்க. ஆரம்பத்தில் பல வருஷம் எடுத்த தண்ணியைத் திருப்பி அனுப்பலை. ஒரு இடத்தில் நிலம் கிட்டத்தட்ட 15 மீட்டர் இறங்கிடுச்சு. சரி, உள்ளேயே அனுப்பிடலாம்னா, அதுக்கும் அளவு வேணும். தென் கொரியாவின் போஹாங்கில் அதிக அழுத்தத்தில் தண்ணியைப் பாறைக்குள் செலுத்தினாங்க. 2017 நவம்பரில் 5.4 அளவு நிலநடுக்கம்! திட்டம்தான் அதைத் தூண்டியதுன்னு 2019-ல் அரசு குழுவே சொன்னது.

எனக்கு ரொம்ப ஷாக் கொடுத்தது ஜெர்மனியின் ஸ்டாவ்ஃபென். டவுன்ஹாலுக்கு ஹீட்டிங் வசதிக்காக 2007-ல் 7 துளை போட்டாங்க. ஆழம் வெறும் 140 மீட்டர்... நம்ம ஊர் போர்வெல் அளவுதான்! துளை வழியா நிலத்தடி நீர் வேறொரு பாறை அடுக்குக்குள் புகுந்தது. அந்தப் பாறை ஜிப்சமாக மாறி உப்ப, ஊரே மேலே எழும்ப, 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல்.

நம்ம ஊர்க் கணக்கு

நான் மெக்கானிக்கல் ஸ்டூடண்ட், சின்னதா ஒரு கணக்கு போடவா? பொதுவா ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 - 30 டிகிரி சூடு ஏறும். மேலே 30 டிகிரின்னா, 2 கிலோமீட்டரில் 80 - 90 டிகிரி. டர்பைன் சுத்த இது சோம்பேறிச் சூடு. சீக்கிரம் கொதிக்கிற வேற திரவத்தை வெச்சு கொஞ்சம் கரண்ட் எடுக்கலாம். ஆனா கொப்பரை காய வைக்க, பலாச்சுளை உலர்த்த இந்தச் சூடு தாராளமா போதும். கீரமங்கலம், வடகாடு பக்கம் இது நல்ல ஐடியாதான். யாராவது நல்லவிதமா செஞ்சா நாம ஏன் வேண்டாம்னு சொல்லணும்?

ஆனா ஒரு ஓட்டை சட்டத்திலும் இருக்கு. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் இருக்கு. தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் கேஸ் எல்லாம் உண்டு. பூமிச் சூடு? பேரே இல்லை! அதனால கேட்க வேண்டியதை நாமதான் கேட்கணும்.

கிராமசபையில் எழுந்து நின்னு கேட்க மூணு கேள்வி, நோட் பண்ணிக்கோங்க:

1. மூடின குழாய்க்குள்ளேயே திரவம் சுத்தி வருமா, இல்லை ஆழத்துத் தண்ணியை மேலே எடுப்பீங்களா?

2. எடுத்தா, அந்த உப்புத் தண்ணி எங்கே போகும், எந்த அழுத்தத்தில்?

3. பழைய கிணற்றின் இரும்புக் குழாயும் சிமென்ட்டும் இன்னும் உறுதியா இருக்கா? எங்க பம்புசெட் தண்ணியோட அது கலக்காதுன்னு யார் சோதிச்சு, யார் கையெழுத்து போடுவாங்க?

மூணுக்கும் பேப்பரில் பதில் கிடைச்சா கை தட்டுவோம். 'இது பசுமை எனர்ஜி தம்பி, பயப்படாதீங்க'ன்னு மட்டும் சொன்னா... பந்தல் போடுறது எப்படின்னு நெடுவாசலுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அடுத்த வாரம் சந்திப்போம்!