தனியே ஓடாதீர், கூடிப் பேசுவோம்!

தோழர்களே! 2025 நவம்பர் 4 அன்று மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002 பட்டியலில் உன் பெயர் எங்கே, உன் தகப்பன் பெயர் எங்கே என்று கேட்டார்கள். டிசம்பர் 16 வரைவிலோ 58 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை! பிழைக்க வந்த நமக்குத் தூக்கம் போயிற்று. ஆளுக்கொரு திசையில் ஓடினோம். வதந்தி தனியாளைத்தான் முதலில் பிடிக்கும்.

இந்நகரத்தாரின் ‘அட்டா’வை வெட்டிப்பேச்சென்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. அது நம்மூர்த் திண்ணைப் பேச்சேதான். மூத்தவர் பழைய விலாசத்தை நினைவுபடுத்த, வங்காள எழுத்தறிந்த பிள்ளை படிவத்தைப் படித்துச் சொல்ல, பாதிப் பயம் அங்கேயே தீரும்.

எனவே தெருவுக்குத் தெரு, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். காகிதங்களைக் கொண்டு வாருங்கள். பக்கத்து வங்காளி, பீகாரிக் குடும்பங்களையும் அழையுங்கள்; அவர்களுக்கும் இதே கவலைதான்.