கோபால்நாத்தின் சாக்ஸபோனும் நம் வீட்டுக் கல்யாண மேளமும்



 சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் 2019 அக்டோபர் 11-இல் மங்களூரில் காலமானார். 'டூயட்' படம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 1994-இல் வந்த அந்தப் படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் இசையில் சாக்ஸபோன் வாசித்தவர் இவர்.

நம் திருவண்ணாமலைக் கல்யாண மண்டபங்களிலும் இப்போது சாக்ஸபோன் கேட்கிறது. "மேளம் எல்லாம் பழசு சார், சாக்ஸபோன் வைத்தால்தான் கெத்து" என்கிறார்கள் பையன்கள். "வெள்ளைக்காரன் வாத்தியம் மங்கல காரியத்துக்கு ஆகுமா?" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பேச்சையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் பெரியவர்களுக்கு. சாக்ஸபோனைச் செய்தவர் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ். 1846-இல் காப்புரிமை வாங்கினார். சரி, வயலின் மட்டும் நம் ஊரில் விளைந்ததா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

இனி பையன்களுக்கு. கோபால்நாத்தின் அப்பா தனியப்பா நாதஸ்வரக்காரர். அந்த வீட்டுப் பிள்ளைதான் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு ஆசைப்பட்டது. ஆசைப்பட்டால் போதுமா? நாதஸ்வரத்தில் விரல் நேராகத் துளைமேல் இருக்கும். பாதி மூடி, பாதி திறந்து, மூச்சைக் கூட்டிக் குறைத்துக் கமகம் கொண்டுவரலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி. ஸ்வரங்கள் படிக்கட்டு போலத் தனித்தனியாக நிற்கும், குழைந்து வராது. அவர் சாவிகளில் மாற்றம் செய்துகொண்டார். உதட்டையும் மூச்சையும் வருடக்கணக்கில் பழக்கினார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம் கேட்டார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி நடத்தும் பிராம்ஸ் விழாவில் வாசித்தார். வெள்ளைக்காரன் வாத்தியத்தை அவர்கள் ஊருக்கே கொண்டுபோய், அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். 2004-இல் பத்மஸ்ரீ வந்தது.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் கெத்து என்று சொல்லும் அந்தக் குழைவுக்குத் தாய்வீடு நாதஸ்வரம். தாயை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் பந்தி போடலாமா?

சாக்ஸபோன் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மேளக்காரரை நிறுத்தாதீர்கள். புகைப்படத்துக்கும் அலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அவரிடம் மட்டும் ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் பேரம் பேசாதீர்கள். யார் வாசித்தாலும் பத்து நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பிட அழையுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தாலும், அங்கே கேட்டது கூடவே வரும்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.