தட்டிப் பார்த்து வாங்குக

டி. கல்லுப்பட்டியில் மண்பானை வாங்குவோர் தடவிப் பார்ப்பதில்லை, சுண்டிப் பார்க்கின்றனர். கோல்ஃப் மட்டை வாங்குவோருக்கும் நாம் சொல்ல விரும்புவது அதுவே.

கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் சங்கம் இருந்துவருகிறது. சென்ற கோடையில் அம்மலையில் நண்பர் ஒருவர் தம்முடைய இரு பட்டர்களை (வெண்ணெயன்று, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) நம் கையில் தந்தார். ஒன்று வார்ப்பு. மற்றொன்று கார்பன் எஃகுக் கட்டியிலிருந்து இயந்திரத்தால் செதுக்கிய, தகடு போன்ற தலையுடையது. விலை பல மடங்கு. “எவ்வளவு மென்மை, பாருங்கள்” என்றார். உண்மைதான். பின்னர்க் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அடித்தோம். வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

நண்பர் ஊறு என்று எண்ணியது ஓசையே. முகப்பில் ஆழச் செதுக்கிய கோடுகள் பந்து தொடும் பரப்பைக் குறைக்கின்றன, ஒலி அடங்குகிறது, கை அதனை மென்மை என்று நம்புகிறது. கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் செய்த பட்டர் எழுப்பிய ஒலியே ‘பிங்’ என்று நிறுவனத்தின் பெயராயிற்று. அவருடைய 1966-ஆம் ஆண்டு ‘ஆன்சர்’ வடிவத்தையே இன்றைய செதுக்கு மட்டைகள் பலவும் பின்பற்றுகின்றன.

பந்தின் மேலுறைக்கும் இதில் பங்குண்டு. ஆகவே வழக்கமாக ஆடும் பந்தையே கடைக்குக் கொண்டு செல்க. கார்பன் எஃகு துருப்பிடிக்கும். எண்ணெயிட்டுத் துடைக்கச் சோம்புவோர் துருவேறா எஃகையே கொள்ளலாம்.

தகட்டுத் தலையின் நுனி பெரும்பாலும் தாழ்ந்து தொங்கும். வில்போல் வளைத்து வீசுவோருக்கே அது இசையும். நண்பரோ நேர்கோட்டில் வீசுபவர். அம்மட்டை அவருக்குப் பொருந்தவில்லை என்றோம். அவர் பதில் சொல்லாமல் அதனை உறையிலிட்டுப் பத்திரப்படுத்தினார்.