சுதந்திரவாதிகளும் பெரிய கட்சிகளும்

விக்கிரமங்கலம் பக்கத்தில் அரசியல் பேச உட்கார்ந்தால், பேச்சு ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரிக்கு வந்துவிடும். 1990களில் அத்திட்டத்துக்கென உழவர் நிலங்கள் எடுக்கப்பட்டன; மின்நிலையம் எழவில்லை. இழப்பீட்டு வழக்குகள்தாம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தன.

நிலம் யாருடையது என்ற இதே கேள்வியிலிருந்துதான் 1959இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பிறந்தது. அவ்வாண்டு நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணை முறையைத் தீர்மானமாக்கியது உடனடிக் காரணம். தனிமனித சுதந்திரத்தை நம்புவோர் பெரிய கட்சிகளுக்குள் புகுந்தே எதையும் சாதிக்க முடியும் என்று வாதிடும் நண்பர்கள், அக்கட்சியின் பிற்காலத்தைச் சற்று நினைவுகூர வேண்டும்.

அவர்கள் தரப்பிலும் நியாயமுண்டு. 1952இல் சென்னை மாகாண உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கிய ராஜாஜி, அன்று காங்கிரஸ் முதலமைச்சர். 1991இல் தொழில் உரிம முறையைப் பெருமளவு தளர்த்தியதும் காங்கிரஸ் ஆட்சியே. ஆனால் இருமுறையும் முடிவெடுத்தவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள். இரண்டாம் முறை அந்நியச் செலாவணி நெருக்கடி கழுத்தைப் பிடித்தது. கட்சிக்குள் வாதாடி வென்றவர் எவருமில்லை. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடா ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கக்கூடும்.

1967இல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்து சுதந்திரா சட்டமன்றத்தில் 20 இடங்கள் பெற்றது. தி.மு.க.வோ தனிப் பெரும்பான்மை பெற்றுவிட்டது. கூட்டாளியின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாமென முதுமையில் ராஜாஜி நேரில் சென்று வேண்டியும் பயனில்லை. (மதுவிலக்கை வற்புறுத்திய சுதந்திரவாதி என்ற முரண் வேறு கதை.)

இதனினும் கசப்பானது பின்னர் நடந்தது. 1974இல் சுதந்திரா பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அது 1977இல் ஜனதாவில் கரைந்தது. அந்த ஜனதா ஆட்சிதான் 1978இன் 44ஆம் திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது. எந்த உரிமைக்காகக் கட்சி தோன்றியதோ, அதன் வாரிசுகள் இடம்பெற்றிருந்த கட்சியின் ஆட்சியிலேயே அது வெறும் சட்ட உரிமையாகக் கீழிறங்கியது. ஜெயங்கொண்டத்து உழவர் பின்னாளில் நீதிமன்றப் படியேறியபோது அவர் கையிலிருந்தது இந்தக் குறைந்த உரிமைதான்.

சரி, தனிக்கட்சி காணலாமென்றால், 1989 முதல் சோஷலிசத்துக்கு விசுவாசம் உறுதிகூறாத கட்சியைத் தேர்தல் ஆணையம் பதிவு செய்ய முடியாது. எனினும் நாம் கரைவதை ஏற்கவில்லை. ஒரு மசோதாவுக்கு, ஒரு கோரிக்கைக்கு எனத் தனித்தனியே எந்தக் கட்சியோடும் பேரம் பேசலாம். நிலம் கையகப்படுத்தும் சட்டம் 2013இல் மாறியதற்கு முந்தைய ஆண்டுகளின் உழவர் போராட்டங்களும் காரணம். அவர்களில் பலர் எக்கட்சியிலும் கரையாதவர்கள்.