கண்ணைக் கட்டும் வெளிச்சம்

பழைய ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் மூன்றாவது நிமிடம் பேச்சு ஹெட்லைட்டுக்கு வந்துவிடும். "லைட்டே பத்தலைங்க, நைட்ல சிம்னி விளக்கைப் புடிச்சிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்பார் ஒருவர். "அந்த மஞ்ச பல்பைக் கழட்டிக் கடாசிட்டு எல்இடி போடுங்க, பகல் மாதிரி அடிக்கும்" என்பார் மற்றவர். இன்னும் பழைய ஆளாக இருந்தால், "நூறு வாட்ஸ் பல்பு மாட்டுங்க" என்பார். வைத்தியம்தான் வேறு, இரண்டுக்கும் பின்னால் இருக்கும் நம்பிக்கை ஒன்று. வெளிச்சம் எவ்வளவு கூடுதலாக, எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ரோடு தெரியும் என்பதே அது.

இது தவறு. பாதித் தவறுகூட இல்லை, முழுத் தவறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு செட் பல்பும், டேஷ்போர்டில் உருகிப்போன ஒரு சுவிட்சும், முகம் தெரியாத ஒரு பஸ் டிரைவரின் வசவும் செலவாயின.

என் வண்டி மஹிந்திரா எம்எம் 540. வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி ஏறும் ரோட்டில்தான் அதற்குப் பெரும்பாலும் வேலை. முகத்தில் 7 அங்குல வட்ட விளக்குகள் இரண்டு. இந்த 7 அங்குலக் கணக்கு அமெரிக்காவில் 1940-இல் நிலைபெற்றது. 1947-இல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியபின் அதன் வாரிசுகளில் அதே வட்டம் தொடர்ந்தது. அம்பாசடரிலும் அதே அளவு, ஜிப்சியிலும் அதே அளவு. அதனால்தான் இன்றைக்கும் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் டூம், அதாவது பல்பைத் தாங்கி ஒளியை முன்னால் திருப்பும் கூடு, கிடைக்கிறது. கிடைப்பதும் ஒரு சாபம்தான். எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற துணிச்சல் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் வாட்ஸ் பக்தர்களைப் பார்ப்போம்.

கம்பெனி போடும் ஹெச்4 பல்பு 60/55 வாட். ப்ரைட்டில் 60, டிம்மில் 55. அதைக் கழற்றிவிட்டு 100/90 போட்டேன். கடைக்காரர் மூன்று மீட்டர் தள்ளியிருந்த சுவரில் அடித்துக் காட்டினார். சுவர் பளீரென்று இருந்தது. நானும் மகிழ்ந்துபோனேன். மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும் சுவரைப் பார்க்க எனக்கு ஹெட்லைட் எதற்கு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பத்தாம் நாள் பெரும்பாறைக்கு மேலே ஒரு வளைவில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. அடுத்த நிமிடம் இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. இழுத்துப் போடும் அந்தப் பழைய சுவிட்ச் உள்ளே பாகாக உருகியிருந்தது.

காரணம் எளிமையானது. பழைய ஜீப்பில் ஹெட்லைட்டுக்கான கரண்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து காலால் மிதிக்கும் டிம் சுவிட்சுக்குப் போய், பிறகு முன்னால் போகிறது. முப்பது வருடத்து வயர், துருப்பிடித்த கனெக்‌ஷன், பெயின்ட்டுக்கு மேல் முறுக்கிய எர்த். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வோல்ட் கழிந்துகொண்டே வருகிறது. பின்னால் ஒருநாள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பு ஹோல்டரில் 11.

இரண்டரை வோல்ட்தானே என்று தோன்றும். ஹாலஜன் பல்பின் குணம் அப்படியில்லை. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். ஹெச்4 பல்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில்தான் அளந்து சொல்கிறார்கள்: டிம்மில் 1000 லூமென், ப்ரைட்டில் 1650. அதே பல்பு 11 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியைத்தான் கொடுக்கும். அதுவும் பழுத்த மஞ்சளாக. சிம்னி விளக்கு என்று நாம் திட்டுவது பல்பை அல்ல, வயரை.

அந்த வயரில் 100/90-ஐ மாட்டினால் என்ன ஆகும்? கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் வயரில் கழியும் வோல்டேஜும் கூடும். என் வண்டிக் கணக்கில் டிம்மில் சுமார் நான்கு வோல்ட் வழியிலேயே போயிருக்கும். அதாவது ஏறக்குறைய 50 வாட், ஒரு பல்பு எரியப் போதுமான சக்தி, சுவிட்சையும் வயரையும் சுடவைப்பதிலேயே செலவாயிருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்றை ஆழப்படுத்தும் புத்தி இது.

சரி, வயரிங் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் பார்வை தூரம் இரட்டிப்பாகாது. தூரம் இரண்டு மடங்கானால் விழும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். எனவே இரண்டு மடங்கு வெளிச்சத்தால் கிடைப்பது ஒன்றரை மடங்குக்கும் குறைவான தூரமே. அந்த அற்ப லாபத்துக்காக டூமின் பூச்சைச் சுட்டு, ஹோல்டரை உருக்கி, வண்டியையே எரிக்கத் துணிகிறோம்.

அடுத்து எல்இடி பக்தர்கள். இவர்கள்தான் இன்றைக்குப் பெரும்பான்மை, இவர்கள் கையில்தான் ஆபத்தும் அதிகம்.

எல்இடி பல்பு மாட்டியதும் "அடேங்கப்பா" என்று தோன்றுவது உண்மை. எனக்கும் தோன்றியது. அதன் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கு 11 வோல்ட்டும் ஒன்றுதான், 13 வோல்ட்டும் ஒன்றுதான். வயரிங் கோளாறை அது மூடி மறைத்துவிடுகிறது. ஆக நாம் ஒப்பிடுவது நல்ல எல்இடியை நல்ல ஹாலஜனோடு அல்ல. பட்டினி கிடந்தவனைப் பயில்வானோடு ஓடவிட்டுவிட்டு, "பார்த்தீர்களா, பயில்வான் ஜெயித்தான்" என்று கைதட்டுகிறோம்.

ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். எத்தனையோ வருடம் பல்பு மாற்றியவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கீழே போகும் ஒளியை அந்தக் கிண்ணம் தடுத்துவிடும். டூமின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழும். சுவரில் அடித்தால் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு தெரிகிறதே, அது இப்படித்தான் உண்டாகிறது. இதற்கெல்லாம் இழை இருக்க வேண்டிய இடத்தில் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் ஒளி வேறு எங்கோ போகும்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். இழை மாதிரி நடிக்கிறதே தவிர அந்த இடத்தில் அது இல்லை. நாலாபுறமும் ஒளியை வீசவும் அதனால் முடியாது. விளைவாகக் கோடு கலைகிறது. கொஞ்சம் மரத்தின் உச்சிக்கு, கொஞ்சம் எதிரில் வருபவர் கண்ணுக்கு, நிறைய நம் பம்பருக்கு முன்னால் பத்தடிக்குள் என்று வெளிச்சம் சிதறுகிறது. இந்தப் பத்தடி வெளிச்சம்தான் நம்மை ஏமாற்றுகிறது. முன்னால் இருக்கும் தரை தகதகவென்று மின்னும்போது கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகிக்கொள்கிறது. தூரத்து இருட்டில் இருப்பது கண்ணுக்குப் படாமல் போகிறது. அதாவது ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரிவதுபோல் இருக்கும், உண்மையில் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

கொடைக்கானல் பக்கம் இரவில் ஓட்டியவர்களுக்குக் காட்டுமாட்டைத் தெரியும். உடம்பு முழுக்கக் கறுப்பு. கால்களில் மட்டும் சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை. சரியாகத் திருத்திய டிம் லைட்டில் முதலில் தெரிவது அந்த வெள்ளைக் கால்கள்தான். தரையோடு தரையாக ஓடும் ஒளிக்கு அது போதும். மிஸ்ட் இறங்கிய ஒரு ராத்திரியில் எல்இடியோடு போனபோது, கோட்டுக்கு மேலே சிதறிய ஒளியெல்லாம் மிஸ்ட்டில் பட்டு என் மேலேயே திரும்பி, எதிரில் வெள்ளைத் திரை கட்டியதுபோல் நின்றது. மாட்டைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். அது அசையவேயில்லை. நான்தான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன்.

உடனே சிலர், "அதுக்குத்தான் சார் மஞ்ச பல்பு, மிஸ்ட்டைத் துளைக்கும்" என்பார்கள். துளைக்காது. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. மஞ்சளையும் நீலத்தையும் அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள், பிறகு கைவிட்டுவிட்டார்கள். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கண்ணைக் குறைவாக உறுத்தும், அவ்வளவுதான். மிஸ்ட்டில் உதவுவது நிறமல்ல. ஒளி மேலே ஏறாமல் இருப்பது.

பஸ் டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வளைவில் எதிரில் வந்தவர் பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, "தம்பி, அது லைட்டா, இல்ல கண்ணக் குத்துற கம்பியா? டிம் அடிப்பா!" என்றார். நான் டிம்மில்தான் இருந்தேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அறுபது வயதுக்காரர் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பவும் அவருக்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்தச் சில நொடிகளில் ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக, ஐம்பது பேரோடு அவர் குருடராக வருகிறார்.

பல்பு வேண்டாம், டூமோடு சேர்ந்த முழு எல்இடி விளக்கே வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்குப் பாதி சம்மதம் சொல்வேன். ஒளியும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று என்று வடிவமைத்த நல்ல விளக்கு உண்மையிலேயே முன்னேற்றம்தான். ஆனால் நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். நம் டிம் கோடு இடதுகோடியில் மேலேறி ரோட்டோரத்தைக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்த 7 அங்குல விளக்கில் அது வலதுபக்கம் ஏறும். நேராக எதிராளியின் கண்ணுக்கு. சுவரில் அடித்துப் பார்த்து வலதுபக்கம் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

கறுப்பு ஸ்டிக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் கண் கூசாமல் இருக்க ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுகிறார்கள். நடுவில் இருப்பது பல்பு நுழையும் ஓட்டை. டூமின் மற்ற பரப்பெல்லாம் எப்போதும்போல் ஒளியை வீசிக்கொண்டுதான் இருக்கும். பொட்டு வைத்தால் திருஷ்டி கழியலாம், கூச்சம் கழியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கேட்பதும் பொட்டை அல்ல: எதிரில் வருபவர் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பதைத்தான்.

அந்தத் திருப்பலுக்குத்தான் 'ஃபோகஸ் வைப்பது' என்று பெயர். காசு செலவில்லாத இந்த வேலையை யாரும் செய்வதில்லை. லைட் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் டிம் கோடு லைட்டின் நடுமட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழுந்தால், அந்த ஒளி 90 மீட்டர் தாண்டித்தான் தரையைத் தொடும். பத்து சென்டிமீட்டர் கீழே விழுந்தால் 45 மீட்டரிலேயே செத்துவிடும். பாதித் தூரத்தைத் தின்றுவிடுகிறது அந்த ஐந்து சென்டிமீட்டர்.

இதை வெறும் வண்டியில் செய்து பயனில்லை. பின்னால் காபி மூட்டையும் ஏழெட்டு ஆளும் ஏறினால் ஜீப்பின் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் இறங்குவது சாதாரணம். சக்கரத்துக்குச் சக்கரம் இரண்டேகால் மீட்டர் சொச்சம்தான் நீளம் என்பதால், அந்த இறக்கத்திலேயே மூக்கு இரண்டு சதவீதத்துக்கும் மேல் நிமிர்ந்துவிடும். கீழ்நோக்கி இருந்த ஒளி வானம் பார்க்கும். முப்பது மீட்டரில் அது எதிர்க் காரில் வருபவரின் கண் உயரத்துக்கு வந்துவிடுகிறது. இருக்கிற பல்பிலேயே இப்படி என்றால், எல்இடியில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்தது இதுதான். ப்ரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராகத் தடித்த வயர். பழைய சுவிட்சுக்கு இனி ரிலேயைத் தட்டியெழுப்பும் வேலை மட்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த். பூச்சு மங்கிய டூமுக்குப் பதில் புதிது. மூட்டை ஏற்றிய வண்டியைச் சுவருக்கு முன் நிறுத்தி ஃபோகஸ். வேலை முடிந்து ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 13.2 காட்டியது. பல்பை மட்டும் மாற்றவில்லை. முதல்நாள் கழற்றி டூல் பாக்ஸில் போட்டுவைத்த அதே 60/55-தான் இன்றைக்கும் தாண்டிக்குடி ரோட்டில் எரிகிறது.