முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

கட்டுரை கைக்கு வந்ததும் மதிப்பீட்டாளர் முன்னுரையைப் படிக்கிறார். அடுத்து நேரே முடிவுரைக்குத் தாவுகிறார். நடுவிலுள்ள பக்கங்களை எந்தக் கண்ணோடு படிப்பது என்பது அங்கேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. கட்டுரையாளர்களோ இந்த இரண்டையும்தான் அவசரத்தில் எழுதுகிறார்கள்.

குறுந்தொகைத் தோழியைப் பற்றி ஒரு கட்டுரை வருவதாக வைத்துக்கொள்வோம். முன்னுரை தமிழின் தொன்மையில் தொடங்கும். இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று ஒரு வரி தவறாமல் வரும். பிறகு எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, குறுந்தொகையின் 401 பாடல்கள், தொகுத்தவர் பூரிக்கோ. ஆய்விதழைத் தேடிப் படிப்பவருக்கு இதில் எது தெரியாது? அந்த முன்னுரையை அப்படியே பெயர்த்துச் செவிலியைப் பற்றிய கட்டுரையின் தலையில் வைத்தாலும் பொருந்தும். முடிவுரைக்கு வந்தால், தோழி தலைவியின் நலம் நாடுபவள் என்று அறிவிக்கப்படுகிறது. ஆய்வு தொடங்குமுன்பே எல்லோரும் அறிந்திருந்த செய்தி!

ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை அலசிய மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ், 1990இல் வெளியிட்ட நூலில் அவற்றில் மூன்று நகர்வுகளைக் காட்டினார்: களத்தை நிறுவுவது, அதில் காலியாக உள்ள இடத்தைச் சுட்டுவது, அந்த இடத்தில் தான் அமர்வது. நம்மவர்களில் பலர் முதல் நகர்விலேயே தங்கிவிடுகிறார்கள். காரணம் சோம்பல் மட்டுமில்லை. காலி இடத்தைச் சுட்ட வேண்டுமானால் முன்னோர் ஆய்வின் குறையைச் சொல்லியாக வேண்டும். அந்த முன்னோர் சொந்த நெறியாளராகவே இருக்கலாம். நாளை வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகும் பேராசிரியராகவும் இருக்கலாம். தயக்கம் புரிகிறது. ஆனாலும் இன்னார் இதுவரை வந்து இங்கே நின்றார் என்று சான்றோடு எழுதுவதில் அவமரியாதை ஏதுமில்லை; அவரை உண்மையாகப் படித்ததற்கு அதுவே அடையாளம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. அந்த எண்ணுக்குள் அடங்குவதற்காகப் பழைய முன்னுரையையே சொல் மாற்றி எழுதும் வேலை வேறு நடக்கிறது. ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் ஏமாறலாம்; படிப்பவர் ஏமாறமாட்டார்.

முடிவுரையில் நோய் வேறு. ஒன்று, சொன்னதையே மறுபடி சொல்வது. மற்றது, சான்று நின்ற இடத்தைத் தாண்டி ஓடுவது. கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிய ஆறு கரிம மாதிரிகளுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 580. இந்தத் தேதி அந்த மாதிரிக்கு உரியது. அதைப் பானையோட்டு எழுத்துக்கு நீட்டுகிறவர், ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, அந்த அடுக்குக்கும் மாதிரிக்கும் என்ன உறவு என்று காட்டியாக வேண்டும். இந்த நடுப்படியை விழுங்கிவிட்டு, ஒரே வாக்கியத்தில் தமிழரின் எழுத்தறிவுக்கும் அங்கிருந்து உலக நாகரிகங்களுக்கும் போகிற முடிவுரை, வலுவான ஒரு தரவைப் பலவீனமாக்குகிறது. எதிர்வாதம் செய்பவருக்கு வேலை மிச்சம்.

கருதுகோள் பொய்த்தது என்று முடியும் கட்டுரையைத் தமிழியலில் காண்பது அரிது. எடுத்த கருதுகோள் எல்லாம் மெய்யாகிவிடும் துறை உலகில் வேறெங்கும் இருக்க முடியாது. தேடியது கிடைக்கவில்லை என்றால் எந்தப் பதிப்பில், எத்தனை பாடல்களில் தேடினீர்கள் என்று எழுதுங்கள்; அடுத்து வருபவருக்கு அது பயன்படும். 'இக்களத்தில் மேலும் பல ஆய்வுகளுக்கு இடமுண்டு' என்ற வரியை விட்டுவிடலாம். எந்த ஆய்வு, எந்தத் தரவைக் கொண்டு என்று சொல்ல முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

முன்னுரையின் இறுதி வடிவத்தை முடிவுரைக்குப் பிறகு எழுதுவது நல்ல பழக்கம். என்ன கண்டோம் என்று தெரிந்தபின்தான் எதைக் கேட்டோம் என்பது தெளிவாகிறது.

அடுத்த இதழ் முதல் கட்டுரையோடு தனித்தாள் ஒன்றையும் கேட்கிறோம். ஆய்வின் கேள்வி ஒரு வாக்கியம், கண்ட விடை ஒரு வாக்கியம். மதிப்பீட்டாளருக்கு முதலில் அந்தத் தாளைத்தான் அனுப்புவோம்.